கதவு எண் 623: நியூயார்க்கில் ஒரு டி.வி. பஸ் பயணம்

(பி.ஏ. வரலாறு, 1974–77 செட் மாணவர் ஒருவர் எழுதுவது)

நம்ம செட்டில் பாதிப் பேர் இப்போது வருஷத்தில் ஆறு மாதம் அமெரிக்காவில்தான் இருக்கிறோம். மகனோ மகளோ அங்கே. "கொஞ்ச நாள் வந்து இருங்கப்பா" என்று டிக்கெட் அனுப்பிவிடுகிறார்கள். போனால், வார நாட்களில் ஜன்னல் வழியாக அணில் பார்ப்பது, சனிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல். சுதந்திர தேவி சிலை, எம்பயர் ஸ்டேட் கட்டடம், நயாகரா இவற்றைப் பற்றியெல்லாம் இந்த மாதிரி மலர்களில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. ஆகவே நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க் நகரத்தில் டெலிவிஷன் தொடர்களில் வந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் பஸ் ஒன்று உண்டு. என் மகள் என்னையும் என் மனைவியையும் அதில் ஏற்றிவிட்டாள்.

சுமார் மூன்று மணி நேரப் பயணம். பஸ்ஸுக்குள் சின்னச் சின்ன டி.வி. பெட்டிகள். அதில் ஒரு தொடரின் காட்சியைப் போடுவார்கள். ஒரு நிமிஷம் ஓடி முடிந்ததும், "இப்போ வலது பக்கம் பாருங்க!" என்பார் வழிகாட்டி. அதே வாசல், அதே படிக்கட்டு. எல்லோரும் கைபேசியைத் தூக்குவார்கள். இந்த வழிகாட்டிகளில் பெரும்பாலோர் நாடக மேடையில் வாய்ப்புத் தேடும் நடிகர், நடிகையர். ஆகையால் வர்ணனைக்குக் குறைவில்லை.

"அதுல என்னய்யா வரலாறு இருக்கு?" என்று போனில் கேட்டார் ஒரு நண்பர். இருக்கிறது. ஒரு ஊர் எப்படி விழுந்தது, எப்படி எழுந்தது, அதற்கு யார் காரணம், யார் விலை கொடுத்தார்கள்? வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுத்த இந்த நாலு கேள்விக்கும் அந்த பஸ் போகும் வழியில் பதில் கிடக்கிறது. வழிகாட்டி கை காட்டும் கட்டடத்தில் அல்ல. பெரும்பாலும் அதற்கு இரண்டு கட்டடம் தள்ளி.

பஸ் பிறந்த கதை

1989 முதல் 1998 வரை ஓடிய 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடரில் க்ரேமர் என்று ஒரு பாத்திரம். எதிர் வீட்டுக்காரன், கதவைத் தட்டாமலே உள்ளே நுழைபவன். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான லாரி டேவிட்டுக்கு நிஜ வாழ்க்கையில் எதிர் வீட்டுக்காரராக இருந்த கென்னி க்ரேமர் என்பவரை வைத்துப் பிறந்த பாத்திரம் அது. அந்த நிஜ க்ரேமர் சும்மா இருப்பாரா? 1996-ல் தானே ஒரு பஸ் பயணம் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே தொடரில் அதைக் கேலி செய்து ஒரு பகுதி எடுத்தார்கள். மனிதனைப் பார்த்துப் பாத்திரம், பாத்திரத்தின் புகழில் மனிதனுக்கு ஒரு பஸ், அந்த பஸ்ஸைப் பார்த்துத் தொடரில் இன்னொரு பஸ்!

1999-ல் ஜார்ஜெட் ப்ளாவ் என்ற பெண்மணி இதைத் தனித் தொழிலாகவே தொடங்கினார். ஒரே தொடர் என்றில்லாமல் பல தொடர்களின் இடங்களையும் சேர்த்துக் காட்டுவது அவர் யோசனை. அதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

லாரி டேவிட்டும் கென்னி க்ரேமரும் எதிரெதிரே குடியிருந்த இடம் மன்ஹாட்டன் பிளாசா என்ற இரட்டைக் கோபுரக் குடியிருப்பு, 43-வது தெரு. அதைக் கட்டியது நடுத்தர வர்க்கத்தாருக்காக. ஆனால் 1970-களில் அந்தப் பேட்டை இருந்த நிலையில் யாரும் குடிவர முன்வரவில்லை. 1975-ல் நியூயார்க் நகராட்சியே திவாலாகும் கட்டத்துக்கு வந்தது நினைவிருக்கலாம். கடைசியில் 1977-ல் அரசு மானியத்தோடு நூற்றுக்கு எழுபது வீடுகளை மேடைக் கலைஞர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். வருமானத்துக்குத் தக்கபடி வாடகை. காலியாகக் கிடந்த கட்டடத்தில் நடிகனும் பாட்டுக்காரனும் எழுத்தாளனும் குடியேறினார்கள். அந்த மானிய வாடகை இல்லாவிட்டால் அந்த இரண்டு பேரும் எதிரெதிர் வீட்டுக்காரர்களாக ஆகியிருப்பார்களா? ஒரு வீட்டு வசதித் திட்டம் எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

ஆற்றுக்குள் ஒரு வீடு

பஸ்ஸில் பெரிய ஆரவாரம் கேட்பது பெட்ஃபோர்ட் தெருவும் க்ரோவ் தெருவும் சந்திக்கும் முனையில். கதவு எண் 90. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் ஆறு நண்பர்களில் சிலர் குடியிருந்ததாகக் காட்டப்பட்ட கட்டடம். 1994 முதல் 2004 வரை 236 பகுதிகள். நம் பேரப் பிள்ளைகளும் இன்று அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டடத்தின் வெளித்தோற்றம் மட்டும்தான் அதில் வருகிறது. அந்த வீடு, அந்தக் காப்பிக் கடை எல்லாமே சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளி, கலிபோர்னியாவின் பர்பாங்கில், வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் 24-ம் எண் தளத்தில் போட்ட செட்டு. தலைப்புப் பாட்டில் நடிகர்கள் குதித்தாடும் நீரூற்றுகூட அங்கேதான். 'சைன்ஃபெல்ட்'டும் அப்படித்தான்: நியூயார்க் கதை, லாஸ் ஏஞ்சலஸ் படப்பிடிப்பு.

என் மனைவி கேட்டாள்: "அப்போ நாம எதைப் பார்க்க வந்தோம்?"

நியாயமான கேள்வி. நியூயார்க் கதையை ஏன் கலிபோர்னியாவில் எடுக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல 1951-க்குப் போக வேண்டும்.

அமெரிக்க டெலிவிஷன் பிறந்து வளர்ந்தது நியூயார்க்கில். 1939 உலகப் பொருட்காட்சியில் அதிபர் ரூஸ்வெல்ட் பேசியதை ஒளிபரப்பியது முதல், 1940-களின் கடைசி வரை பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் அங்கேயிருந்துதான், பெரும்பாலும் நேரடியாக. பதிவு செய்யும் கருவி அப்போது கிடையாது. தூரத்து ஊர்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. திரையையே சினிமா கேமராவால் படம் பிடித்துப் பிலிமை அனுப்புவார்கள். மங்கலாக, பனிமூட்டம் போல இருக்கும்.

'ஐ லவ் லூசி' தொடங்கும்போது, மற்றவர்களைப் போல நியூயார்க்குக்கு வந்து நேரடியாக நடத்துங்கள் என்றார்கள். லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் கலிபோர்னியாவை விட்டு வர மாட்டோம் என்றார்கள். வழி என்ன? பார்வையாளர்களை எதிரில் உட்காரவைத்து, மூன்று சினிமா கேமராக்களால் ஒரே நேரத்தில் நல்ல 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார்கள். 1951 அக்டோபரில் வந்த அந்தத் தொடர் எல்லா ஊரிலும் ஒரே தெளிவோடு தெரிந்தது. அதைவிட முக்கியம், பிலிம் பெட்டியில் இருந்ததால் மறுபடி மறுபடி போட்டுக் காசு பண்ண முடிந்தது. வியாபாரத்துக்கு இந்தக் கணக்கு ஒன்று போதாதா? பத்து வருஷத்துக்குள் தொடர்களில் பெரும்பகுதி ஹாலிவுட்டுக்கு நகர்ந்துவிட்டது. கடைசிப் பெரிய பேரிழப்பாக 'டுநைட் ஷோ'வும் 1972-ல் மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியா போனது.

அந்த லூசி குடும்பம் கதைப்படி எங்கே குடியிருந்தது? நியூயார்க், கிழக்கு 68-வது தெரு, கதவு எண் 623. தெருவில் நடந்துகொண்டே எண்ணிப் பார்த்தால் 623 வருவதற்குள் தெரு முடிந்து ஈஸ்ட் ரிவர் ஆறு வந்துவிடும். கதவு எண் ஆற்றுக்குள்! யார் வீட்டு விலாசமும் ஆகிவிடாதபடி அமைந்த எண். அந்த ஒரு எண்ணிலேயே நியூயார்க் டெலிவிஷனின் அடுத்த நாற்பது வருஷக் கதை அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஊரின் பேர் இருந்தது, பிழைப்பு போய்விட்டது.

ஒரே ஒரு அனுமதிச் சீட்டு

போன பிழைப்பு எப்படித் திரும்பியது? இரண்டு காரணம். ஒன்று காகிதம், இன்னொன்று ரொட்டி.

அந்நாளில் நியூயார்க் தெருவில் படம் எடுக்க வேண்டுமென்றால் போலீஸ், தீயணைப்பு, போக்குவரத்து, பூங்கா என்று இலாகா இலாகாவாக ஏறி இறங்க வேண்டும். நம்மூர் தாலுகா ஆபீஸ் கதைதான். 1966-ல் மேயராக வந்த ஜான் லிண்ட்சே, படப்பிடிப்புக்கென்றே தன் அலுவலகத்தின் கீழ் ஒரு பிரிவை ஏற்படுத்தினார். ஒரே இடத்தில் மனு, ஒரே அனுமதிச் சீட்டு. கூடவே, படப்பிடிப்பு நடக்கும் தெருவில் கூட்டத்தையும் வண்டிகளையும் கட்டுப்படுத்தப் போலீஸில் ஒரு தனிப் பிரிவு. அதன் பிறகு நியூயார்க்கில் வந்து எடுப்பவர்கள் தொகை மெல்ல மெல்ல ஏறியது. 1990-ல் ஆரம்பித்த 'லா அண்ட் ஆர்டர்' அந்த ஊரிலேயே, தெருவிலும் கோர்ட்டு வாசலிலுமாக எடுக்கப்பட்டது. ஒரே மூச்சில் 20 வருஷம் ஓடியது. பிராட்வே நாடக நடிகர்களுக்கு நாடகம் இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது அந்தத் தொடரால். 2004-ல் மாநில அரசு வரிச் சலுகையும் கொடுத்தது. 1972-ல் போன 'டுநைட் ஷோ' 42 வருஷம் கழித்து 2014-ல் திரும்பி வந்தது.

ஒரு காகிதத்தைக் குறைத்ததால் ஒரு தொழில் திரும்பியது. நிர்வாகத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்!

ரொட்டி ஆலையில் கொட்டகை

அடுத்தது ரொட்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குயீன்ஸ் பகுதி. பாலத்தில் போகும்போது 'சில்வர்கப்' என்று பெரிய எழுத்துப் பலகை தெரியும். அது ஒரு ரொட்டிக் கம்பெனியின் பெயர். 1930-களில் அந்தக் கம்பெனி 'லோன் ரேஞ்சர்' என்ற வானொலி நாடகத்துக்கு விளம்பரதாரராக இருந்தது. 1950 வாக்கில் நியூயார்க் நகரத்தில் ஆலைத் தொழிலாளர் மட்டும் சுமார் 10 லட்சம் பேர். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சில்வர்கப் ரொட்டி ஆலையும் 1970-களில் மூடியது.

1983-ல் அந்தக் கட்டடம் படப்பிடிப்புத் தளமாக மறுபிறவி எடுத்தது. மாவு மூட்டை அடுக்கிய கூடங்களின் உயரமும் அகலமும் செட்டுப் போடத் தோதாக இருந்தன. 'சொப்ரானோஸ்', 'செக்ஸ் அண்ட் த சிட்டி' (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலு தோழிகளின் கதை) இரண்டின் உட்புறக் காட்சிகளும் அங்கே எடுத்தவை. பலகையை மட்டும் கழற்றவில்லை. ரொட்டி விற்க நாடகத்துக்குக் காசு கொடுத்த கம்பெனி போய், அதன் ஆலைக்குள்ளேயே நாடகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே குயீன்ஸில் அஸ்டோரியா ஸ்டுடியோ. 1920-ல் மௌனப் படக் காலத்தில் கட்டியது. 1942-ல் ராணுவம் எடுத்துக்கொண்டு, சிப்பாய்களுக்கான பயிற்சிப் படங்களை எடுத்தது. ராணுவம் போன பிறகு பாழடைந்து கிடந்து, 1980-களில் மீண்டும் உயிர் பெற்றது. 'சிஸமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி 1990-களில் அங்கே குடியேறியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ரொட்டி ஆலையில் வேலை போனவனும், ஸ்டுடியோவில் வேலை கிடைத்தவனும் ஒரே ஆள் அல்ல. தச்சன், எலெக்ட்ரீஷியன், வண்டி ஓட்டுநர் சிலருக்குக் கிடைத்திருக்கலாம். 10 லட்சம் ஆலை வேலைக்கு ஸ்டுடியோ ஈடாகாது. ஊர் எழுந்தது என்று சொல்லும்போது அந்த ஊரில் யார் எழுந்தது என்றும் கேட்க வேண்டும்.

தெரு ஏன் அப்படியே இருக்கிறது?

'ஃப்ரெண்ட்ஸ்' கட்டடம் இருக்கும் பகுதி கிரீனிச் வில்லேஜ். மன்ஹாட்டனின் பெரும்பாலான தெருக்கள் சதுரங்கப் பலகை மாதிரி நேர்க்கோடாக ஓடும். அது 1811-ல் போட்ட திட்டம். இந்தக் கிராமம் அதற்கு முன்பே இருந்ததால், தெருக்கள் தப்பித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகின்றன. அதே பெட்ஃபோர்ட் தெருவில் 75½ என்று ஒரு கதவு எண். 1873-ல் கட்டிய, பத்தடி அகலம்கூட இல்லாத வீடு. கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே 1920-களில் அங்கே குடியிருந்தார். கொஞ்ச தூரத்தில், 1969 ஜூன் 28 அதிகாலையில் போலீஸ் சோதனையை எதிர்த்து ஓரினச் சேர்க்கையாளர்கள் கிளர்ந்தெழுந்த 'ஸ்டோன்வால்' மதுக்கடை. 2016-ல் அது தேசிய நினைவிடம் ஆனது.

மற்ற இடங்களில் இடித்து வானளாவக் கட்டிவிட்டார்கள். இங்கே மட்டும் பழைய செங்கல் வீடும் படிக்கட்டும் மரமும் எப்படி நின்றன? யாரோ சண்டை போட்டார்கள் என்பதால். 1950-களில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவுக்குள் பெரிய சாலை போடத் திட்டம் வந்தது. அப்பகுதிப் பெண்கள், தாய்மார்கள் எதிர்த்துக் கையெழுத்து வாங்கி அதை நிறுத்தினார்கள். 1961-ல் மேற்கு வில்லேஜில் 14 பிளாக்குகளை 'சீரழிந்த பகுதி' என்று முத்திரை குத்தி இடிக்கப் பார்த்தது நகராட்சி. அங்கே ஹட்சன் தெருவில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளர் அண்டை வீட்டாரைத் திரட்டினார். மறு வருஷம் திட்டம் கைவிடப்பட்டது. நகரங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். 1963-ல் பென்சில்வேனியா ரயில் நிலையம் என்ற அற்புதமான கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது ஊர் கொதித்தது. 1965-ல் பழம் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-ல் கிரீனிச் வில்லேஜின் பெரும்பகுதி அதன் பாதுகாப்புக்குள் வந்தது.

அதனால்தான் கேமராவுக்கு அங்கே அழகான தெரு கிடைத்தது. டி.வி. அந்தத் தெருவுக்குப் புகழ் கொடுத்தது உண்மை. தெருவை டி.வி.க்குக் கொடுத்தது, கையெழுத்து வாங்கிய அந்தத் தாய்மார்கள்.

சொந்தக்காரர் வாசலில் சங்கிலி

இந்தப் புகழுக்கு ஒரு விலையும் உண்டு. பெரி தெரு, கதவு எண் 66. மேலே சொன்ன நாலு தோழிகளில் கேரி என்பவளின் வீட்டுப் படிக்கட்டு. கதைப்படி அவள் குடியிருப்பது ஊரின் வேறு பகுதியில்! ஆனாலும் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுக்க ராத்திரி பகல் பாராமல் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்காரர் சங்கிலி கட்டிப் பார்த்தார், படியேறாதீர்கள் என்று பலகை வைத்துப் பார்த்தார். சங்கிலியைத் தாண்டி ஏறினார்கள், கதவுச் சட்டத்தில் பெயரெழுத்தைக் கீறினார்கள், பெயின்டால் கிறுக்கினார்கள். கடைசியில் இரும்புக் கேட் போட அனுமதி கேட்டார். பாதுகாக்கப்பட்ட பகுதி ஆயிற்றே, சொந்த வீட்டுக்குக் கேட் போடவும் ஆணையத்திடம்தான் போக வேண்டும். 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது.

தெருவை இடிப்பவனிடமிருந்து காக்க 1965-ல் பிறந்த அதே ஆணையம், அறுபது வருஷம் கழித்து அந்தத் தெருவை ரசிக்க வருபவனிடமிருந்து ஒரு வாசலைக் காக்க வேண்டி வந்தது. நம் வீட்டுத் திண்ணையில் தினம் நூறு பேர் உட்கார்ந்து படம் எடுத்தால் நாம் என்ன செய்வோம்? பஸ்ஸில் போகிறவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ரசிகர்களை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. 2023 அக்டோபரில் 'ஃப்ரெண்ட்ஸ்' நடிகர் மாத்யூ பெரி காலமானபோது, அவர் ஒரு நாளும் குடியிருக்காத அந்தப் பெட்ஃபோர்ட் தெரு முனையில் ஜனங்கள் பூங்கொத்து கொண்டுவந்து வைத்தார்கள். வேறெங்கே போய் வைப்பார்கள்? பொய் வாசல்தான், துக்கம் பொய்யில்லை.

கோர்ட்டுப் படியும் ஓட்டல் மாடியும்

எனக்கு ரொம்ப மனசில் நின்ற இரண்டு இடங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

பிராட்வேயும் 112-வது தெருவும் சேரும் முனையில் 'டாம்ஸ்' என்ற சாதாரண ஓட்டல். 'சைன்ஃபெல்ட்' நண்பர்கள் கூடிப் பேசும் கடையின் வெளித்தோற்றம் அதுதான். 'டாம்ஸ்' என்ற பெயரை விட்டுவிட்டு 'ரெஸ்டாரன்ட்' என்ற எழுத்து மட்டும் தெரியும்படி எடுத்திருப்பார்கள். அந்த ஓட்டலை வைத்து சூசன் வேகா பாடிய பாட்டு ஒன்று 1987-ல் வந்தது. வாத்தியமில்லாத அந்தக் குரலை வைத்துத்தான் ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற விஞ்ஞானி எம்.பி.3 என்னும் ஒலிச் சுருக்கு முறையைச் சோதித்துச் செப்பனிட்டார். இது போகட்டும். அந்த ஓட்டலுக்கு மேல் மாடியில் என்ன இருந்தது தெரியுமா? நாசாவின் காடர்ட் விண்வெளி ஆய்வுக் கழகம்! 1960-களில் வந்து 2025 வரை அங்கே இயங்கியது. பூமி சூடாகிறது என்று 1988 ஜூனில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்ன ஜேம்ஸ் ஹான்சன் அப்போது அதன் இயக்குநர். கீழே காப்பி குடிப்பதாகக் காட்டிய நாலு கற்பனைப் பேரை உலகத்துக்கே தெரியும். மேலே உட்கார்ந்து உலகத்தின் வெப்பத்தை அளந்தவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? 2025-ல் அந்த இடத்தின் வாடகை ஒப்பந்தத்தை அரசு முடித்துவிட்டது. ஓட்டல் வாசலில் படம் எடுப்பவர் கூட்டம் குறைந்திருக்காது.

இரண்டாவது, சென்டர் தெரு 60-ம் எண் கோர்ட்டு. 'லா அண்ட் ஆர்டர்' வக்கீல்கள் பேசிக்கொண்டே இறங்கும் அகலமான படிக்கட்டு. தொடர் ஆரம்பித்தது 1990. அடுத்த வருஷம், அங்கிருந்து சில நிமிஷ நடையில், ஒரு மத்திய அரசுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மனித எலும்புகள். 1600-களிலிருந்து 1790-கள் வரை நியூயார்க்கின் கறுப்பின மக்கள், அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும், இறந்தவர்களைப் புதைத்த மயானம் அது. ஊர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட இடம். பிறகு ஊர் வளர்ந்து மேலேயே கட்டிவிட்டது. 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவர்களில் குழந்தைகள் நிறைய. கறுப்பின மக்கள் போராடியதால்தான் தோண்டுவது நின்றது. 2003-ல் அவர்களை மரியாதையோடு அதே மண்ணில் திரும்ப அடக்கம் செய்தார்கள். 2006-ல் தேசிய நினைவிடம் ஆயிற்று. கோர்ட்டுப் படியில் நடித்த கொலை வழக்குகள் நூற்றுக்கணக்கில். பக்கத்திலேயே இருநூறு வருஷமாக யாரும் விசாரிக்காத வழக்கு ஒன்று மண்ணுக்குள் இருந்தது.

சினிமாப் பொய்யில் ஓர் ஆவணம்

அப்படியானால் டி.வி.யால் வரலாற்றுக்குப் பிரயோஜனமே இல்லையா? அதையும் சொல்லிவிட வேண்டும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தலைப்புக் காட்சியில் இருந்த இரட்டைக் கோபுரங்களை எடுத்துவிட்டு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போட்டார்கள். 'சொப்ரானோஸ்' தலைப்பில் கார்க் கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்த கோபுரங்களையும் நீக்கினார்கள். பார்ப்பவர்களுக்கு வலிக்கும் என்பதால். ஆனால் முன்பே எடுத்த பகுதிகளில் அவை நிற்கின்றன. கதாநாயகி வண்டியைக் கை காட்டி நிறுத்துகிறாள். அவளுக்குப் பின்னால், யாரும் கவனிக்காமல், அந்தக் கோபுரங்கள். 'லா அண்ட் ஆர்டர்' பழைய பகுதிகளில் 1990-ன் கடைப் பலகை, காசு போடும் டெலிபோன் கூண்டு, தெருவில் போகும் சாதாரண மனிதன். கதை பொய், முன்னால் நிற்பவர் நடிகர். பின்னால் இருப்பது மட்டும் மெய். கல்வெட்டில் ராஜாவின் மெய்க்கீர்த்தியைத் தள்ளிவிட்டு, எந்தக் குளத்துக்கு எவ்வளவு நிலம் என்று கடைசி வரியில் தேடச் சொல்வாரே நமக்குக் கல்வெட்டு நடத்திய ஆசிரியர், அந்த மாதிரிதான் இதுவும்.

நண்பர்களே, நீங்களும் அந்த ஊருக்குப் போனால் அந்த பஸ்ஸில் தாராளமாக ஏறுங்கள். பேத்தியையும் கூட்டிப் போங்கள். நமக்குத் தெரியாத பாதி அவளுக்குத் தெரியும். வழிகாட்டி வலது பக்கம் பார்க்கச் சொன்னால் பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டுப் படியிலும் ஏறாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அரை நாள் ஒதுக்கி, வந்த வழியே ஒரு தரம் நடந்து போங்கள். கறுப்பின மக்களின் அந்த மயானத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அங்கே கூட்டம் இருக்காது.